கூகுளின் 15 ஜிபி: இனாமாக வந்து வாடகைக்கு மாறிய இடம்

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு வந்தபோது, ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. தேதியைப் பார்த்துவிட்டு ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். இன்று அதே கணக்கில் 15 ஜிபி இலவசம். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிமெயில், ஃபைல் வைக்கும் டிரைவ், படம் வைக்கும் போட்டோஸ் என்று கூகுளின் மூன்று சேவைகளும் மொண்டுகொள்வது இந்த ஒரே பானையிலிருந்துதான். 2024இல் ஆண்ட்ராய்டு வாட்ஸப்பின் பேக்கப்பும் அதே பானைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் அது கணக்கில் வராமல் இருந்தது.

உண்மையான வியாபாரம் போட்டோஸில் நடந்தது. 2015 மே மாதம், 16 மெகாபிக்சலுக்கு உட்பட்ட படங்களை எத்தனை வேண்டுமானாலும் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். 2020 நவம்பரில் அந்தச் சலுகை முடியப்போகிறது என்று அறிவித்த அன்று, சேர்ந்திருந்த படங்கள் 4 லட்சம் கோடிக்கு மேல். வாரத்துக்கு வந்துகொண்டிருந்தவை 2,800 கோடி. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறும் படங்கள் கணக்கில் வருகின்றன. அதற்குமுன் அந்தச் சலுகைத் தரத்தில் ஏற்றியவை மட்டும் இன்றும் கணக்கில் இல்லை. தாராளம்போலத் தெரிகிறது. ஆனால் பழைய படங்கள் காசில்லாமல் கிடக்கும் இடத்தை விட்டு யார் கிளம்புவார்கள்?

போட்டோஸ் செயலிக்குள் விளம்பரம் இல்லை. படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் கூகுள் சொல்கிறது. ஆகவே அங்கே வருமானம் நேரடியானது: பானை நிறைய வேண்டும், நாம் சந்தா கட்ட வேண்டும். நிறைந்தால் படம் ஏறாமல் நிற்பதோடு முடிவதில்லை. ஜிமெயிலுக்கு மடல் வருவதும் போவதும் நின்றுவிடும். நமக்கு எழுதியவருக்கு அவர் மடல் திரும்பிப் போகும். வங்கி மடலும் வேலைக்கான மடலும் வரும் முகவரி என்றால் கையைப் பிசைய நேரமிருக்காது. வசூல்காரர் வேலையைப் பார்ப்பது நம் அஞ்சல் பெட்டிதான். கெட்டிக்கார ஏற்பாடு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

15 ஜிபி எவ்வளவு தாங்கும்? ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால் சுமார் 3,750 படங்கள். 4கே வீடியோ நிமிடத்துக்கு 350 எம்பி வரை போகும். முக்கால் மணி நேர வளைகாப்பு வீடியோ ஒன்றே போதும், மொத்தமும் தீர்ந்தது. இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. வாட்ஸப் படங்களின் ஃபோல்டரையும் பேக்கப் செய்யவா என்று போட்டோஸ் கேட்கும்போது ‘சரி’ என்று தட்டிவிட்டால், ஒரே காலை வணக்கப் படம் போட்டோஸில் ஒருமுறை, வாட்ஸப் பேக்கப்பில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் இடம் பிடிக்கும். முதலில் அந்த ஃபோல்டரின் பேக்கப்பை அணையுங்கள். பிறகு வாட்ஸப் செட்டிங்ஸில் சாட் பேக்கப்புக்குப் போய், வீடியோவைச் சேர்ப்பதையும் அணையுங்கள்.

அடுத்து ஜிமெயில். கணினியில் தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியைத் தட்டினால் அளவு கேட்கும் கட்டம் வரும். 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடி, வேண்டாததை அழித்து, குப்பைத் தொட்டியையும் ஸ்பாமையும் காலி செய்யுங்கள்; அவை இரண்டும் கணக்கில் வருபவை. டிரைவில் ‘ஸ்டோரேஜ்’ பக்கம் பெரிய ஃபைலை மேலே காட்டும். பிறர் நம்மோடு பகிர்ந்தவை நம் இடத்தைத் தின்பதில்லை, அவற்றை அழித்து மெனக்கெட வேண்டாம்.

போட்டோஸில்தான் விபத்து நடக்கும். ‘இடத்தை விடுவி’ என்ற பட்டன் போனில் உள்ள நகலை மட்டும் நீக்கும், கூகுளில் ஒரு எம்பிகூடக் குறையாது. மாறாக, செயலிக்குள் படத்தைத் தேர்ந்து அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். கூகுளில் இடம் பண்ணுவதாக நினைத்துப் போனில் இருந்ததையும் இழப்பவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள். 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குள் மீட்டுவிடலாம். ஏற்கெனவே முழுத் தரத்தில் ஏற்றியவற்றை ஸ்டோரேஜ் சேவர் என்ற குறைந்த தரத்துக்குச் சுருக்கும் வசதி இணையதளத்தின் செட்டிங்ஸில் உண்டு. நல்ல இடம் மிச்சமாகும், ஆனால் சுருக்கியதை மீண்டும் விரிக்க முடியாது. பெரிதாக அச்சடிக்க வேண்டிய படங்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

சந்தா கட்டுவதென்றால் இந்தியாவில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், ஆண்டுக்கு 1,300. ஆண்டுத் திட்டம்தான் லாபம். குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கலாம். ஆறு பேர் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 217 ரூபாய்தான் வரும். ஒருவர் படம் மற்றவர் கண்ணில் படாது. இந்த விலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் நிறுத்தும்போது வருகிறது. 60 ஜிபி சேர்த்தவர் சந்தாவை விட்டால் மறுபடி 15 ஜிபி எல்லைக்குள், அதாவது 45 ஜிபி அதிகம், மடல் வராது. எல்லை தாண்டிய நிலையிலேயே இரண்டு ஆண்டு கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

வெளியே வர, நம்முடையதை ஜிப் ஃபைல்களாகப் பதிவிறக்கித் தரும் டேக்அவுட் என்ற கூகுள் சேவை இருக்கிறது, அதுவும் இலவசம். அங்கே எல்லாவற்றின் தேர்வுக் குறியையும் எடுத்துவிட்டு போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணையம் அடிக்கடி அறுபடும் இடமென்றால் ஜிப் அளவை 2 ஜிபியாகவே விடுங்கள். 50 ஜிபி ஜிப் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பதிவிறக்கும் லிங்க் சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு ஜேசன் ஃபைல் இருக்கும். போட்டோஸில் நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கின்றன, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேமராவில் எடுத்த படம் தன் தேதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். வாட்ஸப் வழி வந்த படத்தில் அது உரிக்கப்பட்டிருக்கும், அதனால் பத்தாண்டுப் படங்களும் பதிவிறக்கிய நாளின் கீழே குவிந்து நிற்கும். அவற்றை வரிசைப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிட்டே டேக்அவுட்டைத் தொடுங்கள்.