என்பிடெல்: பாடம் இலவசம், சான்றிதழுக்கு மதிப்பெண் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்

ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடத்தை வீட்டிலிருந்தே முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் திட்டத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) சேர்ந்து தொடங்கியது. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உண்டு. பாடத்தில் சேரக் காசு கிடையாது, தேர்வுக்கு 1,000 ரூபாய்.

முதல் சறுக்கல் இங்கேதான். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. வாராவாரம் அசைன்மென்ட் போட்டுவிட்டுத் தேர்வுப் படிவத்தை மறந்தால் சான்றிதழ் கிடையாது. படிவத்தில் அடிக்கும் பெயர்தான் சான்றிதழில் வரும். இனிஷியலைக் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே போடுங்கள்.

மதிப்பெண் முறையைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட், 8 வாரத்தில் 6, 4 வாரத்தில் 3 கணக்கில் வரும். மொத்தம் 40 வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்: அசைன்மென்டில் 10ம் தேர்வில் 30ம் தனித்தனியாக வேண்டும். அசைன்மென்டில் முழு 25 வாங்கி, தேர்வில் 29 எடுத்தால் கூட்டல் 54. ஆனாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழில் தரமும் உண்டு: மொத்தம் 60 முதல் எலைட், 75 முதல் சில்வர், 90 முதல் கோல்டு.

அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். விடைகள் யூடியூபில் சுற்றுவது ஊரறிந்த சங்கதி. அதைப் பார்த்துப் போட்டவர்தான் தேர்வறையில் 29இல் நிற்கிறார். இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். கெடு முடிந்ததும் விடைகள் வெளியாகும். அப்போது வெள்ளைத்தாளில் மறுபடி போட்டுப் பார்ப்பவருக்குத் தேர்வு பயமில்லை.

பாடங்களின் தரம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். சிலர் சமன்பாட்டை வரி வரியாக எழுதிக் காட்டுவார்கள், சிலர் ஸ்லைடை வாசித்துவிட்டுப் போவார்கள். முதல் வாரம் வெறும் அறிமுகம், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பழைய பருவங்களின் வீடியோக்கள் என்பிடெல் தளத்திலேயே இருக்கின்றன. மூன்றாம் வாரத்துக்கான வீடியோ ஏதாவது ஒன்றைத் திறந்து இருபது நிமிடம் கேளுங்கள். எழுத்துவடிவமும் கிடைக்கிறது, சில பாடங்களுக்குத் தமிழிலும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பெரிய துணை. கலைச்சொற்களுக்கு மட்டும் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுத்தாளில் ஆங்கிலச் சொற்கள்தான் வரும்.

கிரெடிட் மாற்ற, அதாவது இந்தப் பாடத்தைக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகக் கணக்கில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் துறைத்தலைவரைப் பாருங்கள். 12 வாரத்துக்கு 3, 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 கிரெடிட். உங்கள் கல்லூரித் தாள் 4 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடம் ஒன்று ஈடாகாது. எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு சேருங்கள். படித்து முடித்தபின் கேட்டால் மறுக்கப்படலாம்.

ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு ஆய்வு முறையியல், புள்ளியியல் பாடங்கள் நல்ல அடித்தளம். கேள்வியை எப்படிக் குறுக்குவது, மாதிரி அளவை எப்படி முடிவு செய்வது என்பதெல்லாம் கிடைக்கும். ஆனால் நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைத் திருத்தித் தர அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு வாரப் பாடத்தையும் உங்கள் சொந்தத் தலைப்பில் அரைப் பக்கமாக எழுதி வழிகாட்டியிடம் கொடுங்கள், சிவப்பு மை விழட்டும்.