ட்ரெம்பர் அல்பினோவா, பெல் அல்பினோவா?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சிவப்புக் கண் அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாமல் பிறப்பது) கப்பி மீனைப் பார்த்துப் பழகியவர்கள், லெப்பர்ட் கெக்கோ பல்லியிலும் அல்பினோ என்றால் ஒரே வகைதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் மூன்று வகை உண்டு: ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர். ரெயின்வாட்டரை இப்போதைக்கு விட்டுவிடலாம்; அதிகம் குழப்புவது மற்ற இரண்டும்தான்.

இரண்டிலும் கறுப்பு நிறமி கிடையாது. மஞ்சள் உடம்பில் பழுப்புப் பட்டைகள் இருக்கும். முதலில் கண்ணைப் பாருங்கள். பெல்லுக்குப் பொதுவாக இளஞ்சிவப்பு, நரம்புகள் நன்றாகத் தெரியும். ட்ரெம்பருக்கு வெள்ளி கலந்த சாம்பல். (டார்ச் அடிக்காதீர்கள், அல்பினோவுக்கு வெளிச்சம் கூசும்.) பெல்லின் முதுகில் பழுப்புப் புள்ளிகள் கூடுதலாக இருக்கும். ஆனால் உடல் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. முட்டையைக் குளிர்ச்சியாக 26 டிகிரி வாக்கில் அடைவைத்தால் ட்ரெம்பர் குட்டி நல்ல பழுப்பாகவே வரும். வெப்பம் கூடினால் வெளிறும்.

சரி, இரண்டையும் ஜோடி சேர்த்தால்? அல்பினோ வராது. இரண்டுமே ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்), அதுவும் வெவ்வேறு இடத்தில் இருப்பவை. குட்டிகள் சாதாரண நிறத்தில் பிறந்து, இரண்டையும் மறைவாகச் சுமக்கும். அடுத்த தலைமுறையில் வரும் அல்பினோ எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கண்ணழகுக்கு என்றால் என் ஓட்டு பெல்லுக்கு. எளிதாகக் கிடைப்பது ட்ரெம்பர். எதுவானாலும் தாய் தகப்பன் விவரம் கேளுங்கள். விற்பவர் வெறுமனே ‘அல்பினோ’ என்றால், ஆசைக்கு வளர்க்கலாம், இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்.