பழைய கேம்பர் வேனுக்கு எந்த என்ஜின் மவுண்டிங்: ரப்பரா, ஹைட்ராலிக்கா, பாலியூரித்தேனா?

என்ஜினைப் போட்டதும் பாத்திர அலமாரியின் கதவு தடதடவென அடித்துக்கொள்வதும், கிளட்ச்சை விட்டு வண்டியை எடுக்கையில் தரைக்கு அடியில் ‘டொக்’ என்று சத்தம் கேட்பதும், ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் கியர் தண்டு முன்னும் பின்னும் அசைவதும், என்ஜினைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிணைத்துத் தாங்கும் மவுண்டிங் தேய்ந்துவிட்டதற்கான அறிகுறிகள். படுக்கையும் சமையல் வசதியும் உள்ள கேம்பர் வேனில் இந்தத் தேய்மானம் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பொறுத்து வருவதில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியிலும் என்ஜினின் எடை ரப்பரை அழுத்திக்கொண்டே இருப்பதால், அது நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. மேலிருந்து கசியும் ஆயில் அதை உப்பவைக்கிறது. வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் வெடிப்புகளை உண்டாக்குகின்றன. ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும், டீசல் இன்ஜெக்டர் ஒன்று பழுதானாலும் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) வண்டி இதேபோல்தான் குலுங்கும் என்பதால், அவற்றைப் பார்த்து முடித்த பிறகே மவுண்டிங் வாங்கப் போவது நல்லது.

மவுண்டிங்குக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வேலைகள் உண்டு. என்ஜினின் எடையையும் அதன் முறுக்கு விசையின் எதிர்வினையையும் தாங்குவதற்கு அது இறுக்கமாக இருக்க வேண்டும். அதிர்வைச் சேசிஸுக்குக் கடத்தாமல் இருப்பதற்கு இளக்கமாக இருக்க வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் ஓடும்போது, சுற்றுக்கு இருமுறை எரிதல் நிகழ்வதால், விநாடிக்கு ஏறத்தாழ 27 துடிப்புகள் எழுகின்றன. மவுண்டிங் மீது அமர்ந்த என்ஜினுக்கென்று ஓர் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண், இருக்கிறது. வெளியிலிருந்து வரும் துடிப்பு அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் மவுண்டிங் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். உதாரணமாக, இயல் அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 12 துடிப்பு) என்றால் 17 ஹெர்ட்ஸுக்கு மேல் பலன் கிடைக்கும். ஐட்லிங்கின் 27 துடிப்புகள் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். அதே இடத்தில் மும்மடங்கு விறைப்பான மவுண்டிங்கைப் பொருத்தினால் இயல் அதிர்வெண் ஏறத்தாழ 21 ஆகிறது. பலன் தொடங்கும் எல்லை 29க்குப் போய்விடுகிறது. அப்போது மவுண்டிங் ஐட்லிங் அதிர்வைக் குறைக்காததோடு அதைப் பெருக்கவும் செய்கிறது. தேர்வுகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

வண்டி ஆலையிலிருந்து வந்தபோது இருந்த தரத்திலான ரப்பர் மவுண்டிங்கே பெரும்பாலான பழைய வேன்களுக்கு என் முதல் தேர்வு. வண்டியை வடிவமைத்தவர்கள் அந்த ரப்பரின் கடினத்தன்மையை மட்டுமல்லாமல், அதற்குள் விட்டிருக்கும் வெற்றிடங்களையும் எந்தத் திசையில் எவ்வளவு இளக வேண்டும் என்று கணக்கிட்டே வைத்தார்கள். அந்த வெற்றிடங்களைக் கிழிசல் என்று எண்ணிப் பலர் நல்ல மவுண்டிங்கைக் கழற்றிவிடுகிறார்கள். இடைவெளியின் ஓரம் வழுவழுப்பாக இருந்தால் அது அச்சிலேயே வந்தது; ஓரம் பிசிறாக இருந்தாலோ, இரும்பிலிருந்து ரப்பர் உரிந்து நின்றாலோ அது கிழிசல். விலை மலிந்த போலி ரப்பர் மவுண்டிங்கும் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் ரப்பரின் கலவையையும் அது இரும்போடு ஒட்டிய உறுதியையும் கடையில் வைத்துக் கண்ணால் அறிய முடியாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய மவுண்டிங்கைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. அதன் ரப்பருக்கும் உங்களுடையதன் வயதுதான்.

ஹைட்ராலிக் மவுண்டிங்குக்குள் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த திரவம் இரண்டு அறைகளுக்கிடையே குறுகிய பாதை வழியாகப் போய்வருகிறது. மேடு பள்ளத்தில் என்ஜின் மெதுவாகப் பெரிதாக ஆடும்போது அந்தப் பாதை ஆட்டத்தை அடக்குகிறது. ஐட்லிங்கின் சிறிய வேகமான அதிர்வில் மவுண்டிங் இளக்கமாகவே நிற்கிறது. ரப்பரால் ஒரே நேரத்தில் தர முடியாத இரண்டையும் இது தருகிறது என்பது உண்மை. எனினும் முதலிலிருந்தே ஹைட்ராலிக் மவுண்டிங் இருந்த வண்டிக்கே இது பொருந்தும். அத்தகைய வண்டியில் சிக்கனம் கருதிச் சாதாரண ரப்பரைப் போடுவதும் தவறுதான். மவுண்டிங்கின் அடியில் கறுத்த ஈரக்கறை தெரிந்தால் திரவம் வெளியேறிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றவே வேண்டும்.

ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனில் செய்த மவுண்டிங்கின் நற்பெயர் பந்தயக் கார்களிலிருந்து வந்தது. கடினத்தன்மையைக் காட்டும் ஷோர் ஏ அளவீட்டில் சாதாரண மவுண்டிங் ரப்பர் 50, 60 என்ற அளவில் இருக்க, பாலியூரித்தேன் 70 முதல் 95 வரை போகிறது. ஆயிலுக்கு அது எளிதில் மசியாது, நீண்ட காலம் உழைக்கும், கியர் மாற்றுவது துல்லியமாகும். எனது டீசல் வேனில் இந்தக் காரணங்களுக்காகவே எல்லா மவுண்டிங்குகளையும் பாலியூரித்தேனாக மாற்றினேன். ஐட்லிங்கில் பின்பார்வைக் கண்ணாடியில் பிம்பம் கலங்கித் தெரிந்தது. இரண்டு வாரப் பயணத்துக்குப் பிறகு தொட்டிக்கு மேலுள்ள அலமாரியைத் திறந்தபோது, அதைச் சுவரோடு பிடித்திருந்த ஆறு திருகுகளில் இரண்டு தட்டில் விழுந்து கிடந்தன. மற்றவற்றை விரலாலேயே சுழற்ற முடிந்தது. காரில் சற்று எரிச்சல் தருவதோடு நின்றுவிடும் அதிர்வு, மரச்சட்டமும் எரிவாயுக் குழாயும் தண்ணீர் இணைப்பும் உள்ள ஒரு வண்டியில் பாதுகாப்புப் பிரச்சினையாகிறது.

அதற்காகப் பாலியூரித்தேனை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஃபியட் டுகாட்டோ போல என்ஜின் குறுக்காக அமைந்து முன்சக்கரங்களை இயக்கும் வண்டிகளில், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில் இருப்பதால், முதல் கியரில் பன்மடங்கான முறுக்கு விசையின் எதிர்வினை முழுவதும் மவுண்டிங்குகள் மீதே விழுகிறது. எடையைத் தாங்காமல் அந்த முறுக்கை மட்டும் தடுக்கும் கீழ்த்தண்டு இருந்தால், அதன் முனையிலுள்ள புஷ்ஷை (மெத்தை வளையத்தை) மட்டும் மிதமான கடினமுள்ள பாலியூரித்தேனில் போட்டு, எடையைத் தாங்கும் இரண்டையும் ரப்பரிலேயே வைக்கலாம். என் வண்டி இப்போது அப்படித்தான் ஓடுகிறது. பழைய ரப்பரின் வெற்றிடங்களில் திரவப் பாலியூரித்தேனை ஊற்றி உறையவைக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கிட்டு விட்ட இடைவெளியை அது அடைத்துவிடுகிறது, கிழிந்த ரப்பரோ கிழிந்தபடியே உள்ளே இருக்கிறது.

வீட்டில் செய்பவருக்கு மற்றொரு தேர்வும் உண்டு: என்ஜினைக் கீழிருந்து ஜாக்கியால் தாங்குவதா, என்ஜின் அறையின் விளிம்புகளில் ஊன்றிய குறுக்குக் கம்பியில் மேலிருந்து தொங்கவிடுவதா? வாய்ப்புள்ள இடத்தில் தொங்கவிடுவதே மேல். வண்டிக்கு அடியில் இடம் கிடைக்கிறது, மரைத்தண்டைத் திருகி மில்லிமீட்டர் கணக்கில் உயரத்தைச் சரிசெய்யலாம். ஆனால் இருக்கைக்கு அடியில் என்ஜின் உள்ள வேன்களிலும், ஃபோக்ஸ்வாகன் டி3 போலப் படுக்கைக்கு அடியில் பின்புறம் என்ஜின் வைத்த வேன்களிலும் கம்பியை ஊன்ற விளிம்பு கிடைப்பது அரிது. அங்கே ஜாக்கிதான் வழி. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் தகடு நெளிந்துவிடாதபடி அகலமான மரக்கட்டையை இடையில் வைக்க வேண்டும். எப்படியானாலும் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, எரிவாயு உருளையை மூடி, என்ஜின் பேட்டரியோடு உள்ளறைப் பேட்டரியின் இணைப்பையும் கழற்றி, வண்டியை அதன் உண்மையான எடைக்கேற்ற ஸ்டாண்டுகள் மீது நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே முயற்சியில் மாற்றிவிடுங்கள், ஏனெனில் தளர்ந்த பழையவற்றின் சுமையும் புதியதன் மீதே ஏறும். துருப்பிடித்த போல்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். புதியவற்றின் போல்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, என்ஜினின் எடையை முழுமையாக இறக்கி, இருபுறமும் அசைத்து அது தானாக அமர்ந்த பிறகே, கையேட்டில் உள்ள அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே முடுக்கினால் ரப்பர் முறுகியபடி பூட்டப்பட்டு, நல்ல மவுண்டிங்கும் ஐட்லிங்கில் அதிரும். அப்படி அதிர்ந்தால் புதியதைக் குறைசொல்வதற்கு முன் போல்டுகளைத் தளர்த்தி, என்ஜினை அமரவிட்டு, மறுபடி முடுக்கிப் பாருங்கள்.