தடித்த நாவலுக்கு 3×5 அட்டை போதும்

எழுதுபொருள் கடைகளில் இண்டெக்ஸ் கார்டு என்று கட்டாக விற்கிறார்களே, 3 அங்குலத்துக்கு 5 அங்குலம், அதில்தான் நாவல்களின் கதாபாத்திரங்களைக் குறித்துவைக்கிறேன். நோட்டு, ஒட்டுத்தாள், கைபேசி எல்லாவற்றையும்விட எனக்கு ஒத்துவந்தது இதுதான்.

அட்டையே பக்க அடையாளமாகவும் இருப்பதால் புதுப் பெயர் வரும்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தடிமனான தாள், மடியில் புத்தகத்தின் மேல் வைத்தே எழுதலாம். கோடு போட்ட பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், யாருக்கு என்ன உறவு, முதலில் தலைகாட்டிய பக்க எண். கோடில்லாத பின்பக்கத்தில் குடும்ப மரம். தோற்ற வர்ணனைக்கு இடமே கிடையாது, அது நல்லதுதான். நான் குழம்புவதெல்லாம் யார் யாருக்கு மச்சான் என்பதில்தான்.

ருஷ்ய நாவல்களில் இந்த ஒரு வரி ரொம்பவே கைகொடுக்கிறது. ‘போரும் அமைதியும்’ நாவலில் பியேர் என்பவரும் பெசூகவ் என்பவரும் பியோத்தர் கிரிலோவிச் என்பவரும் ஒரே ஆள். மூன்றையும் சாய்கோடு போட்டு ஒரே வரியில் எழுதிவிட்டால் அப்புறம் திணறல் இல்லை. ஓர் அட்டையில் பத்து வரிதான் கொள்ளும் என்பதால் ரஸ்தோவ் குடும்பத்துக்கு ஒன்று, பல்கோன்ஸ்கி குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வேன்.

‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ வேறு வகை. கர்னல் அவுரேலியானோவுக்குப் பிறந்த 17 பேருக்கும் அவுரேலியானோ என்றே பெயர். அங்கே பெயரை மட்டும் எழுதிப் பயனில்லை, எந்தத் தலைமுறை, யார் வயிற்றுப் பிள்ளை என்று எழுத வேண்டும். பல பதிப்புகளில் குடும்ப மரத்தை முன்னாலேயே அச்சிட்டிருப்பார்கள். படித்து முடிக்கும்வரை அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன். யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். மின்னூலில் பெயரைத் தேடினாலும் இதே தொல்லை: இன்னும் படிக்காத அத்தியாயங்களின் வரிகளும் வந்து நிற்கும், ஒருவருடைய சாவுகூட அந்தப் பட்டியலில் தெரிந்துபோகலாம். என் அட்டைக்கோ நான் படித்த பக்கம் வரைதான் தெரியும். இதற்காகவே வேறெதற்கும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குறை என்றால், மலிவான அட்டையில் மைப்பேனா ஊறிப் பரவும். பென்சில்தான் சரி, முதல் பாகத்தில் எதிரியாக வந்தவர் மூன்றாம் பாகத்தில் மருமகனானால் அழித்து எழுதவும் வசதி. நாலைந்து அட்டை சேர்ந்துவிட்டால் நடுப்பக்கத்தில் திணிக்காதீர்கள், புத்தகத்தின் முதுகு விரிந்துவிடும். படிக்கிற பக்கத்தில் ஒன்று, மற்றவை பின்னட்டைக்குள். சுருள்கம்பியில் கோத்துவரும் வகையை வாங்கவே வேண்டாம், அது பக்கங்களுக்கு நடுவே உட்காராது.