டைகர் மாத் கிட்: நூல் கட்டப் பொறுமை இருந்தால் வாங்கலாம்

ஈரக்காற்றும் மழையுமாக இருக்கும் டர்பனின் ஜனவரி மாதத்தில் பெயிண்ட் வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்று தெரிந்தும் இந்தப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். டைகர் மாத் என்ற பழைய ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி விமானத்தை 72-இல் ஒரு பங்கு அளவில் (1/72) ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் இது. ஆன்லைனில் வாங்கியது, 380 ரேண்ட். கட்டி முடித்தால் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான், விரித்த கைக்குள் அடங்கிவிடும்.

வார்ப்பு பிரமாதம். இறக்கைச் சட்டங்களுக்கு நடுவே துணி லேசாகத் தொய்ந்திருப்பதைக்கூடப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்திருக்கிறார்கள், பிசிறும் குறைவு. பாதி நாள் நன்றாகவே போனது, மேல் இறக்கையை எடுக்கும்வரை.

நிஜ விமானத்தில் பெட்ரோல் டேங்க் மேல் இறக்கையின் நடுவில் இருக்கும். முன் இருக்கையில் உட்காரும் ஆசிரியர் பாராசூட்டோடு தடங்கலில்லாமல் வெளியே குதிக்க வேண்டும் என்று அந்த நடுப்பகுதியையே முன்னால் தள்ளி வைத்து, அதனால் கெட்ட எடைச் சமநிலையைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். 1931-இல் யாரோ உயிர் பிழைக்கச் செய்த ஏற்பாடு, என் உயிரை வாங்கியது! மேல் இறக்கையைத் தாங்கி நடுவில் நிற்கும் நான்கு குச்சிகளும் முன்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும், ஆனால் கிட்டில் அவற்றுக்கான குழிகள் ஆழமே இல்லை, பசை காய்வதற்குள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிகிறது. கடைசியில் சாமி மாடத்திலிருந்த லயன் தீப்பெட்டிகளை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி தேடிய அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

மஞ்சள் பெயிண்ட் சாம்பல் பிளாஸ்டிக்கில் நேரடியாகப் பிடிக்காது, வெள்ளை ப்ரைமர் அடித்தபிறகும் நான்கு கோட் ஆனது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மழை நாளில் அடித்தது முழுக்க என் தப்பு, பால் ஊற்றியதுபோல வெளுத்துப் போனது. வெயில் வந்த பிறகு மேலே பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ் அடித்ததும் ஓரளவு தெளிந்தது.

பெரிய குறை இரண்டு. இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று விளக்கத்தாளில் படமே இல்லை, நானாகப் பழைய போட்டோக்களைப் பார்த்துத் துளையிட்டேன். கம்பிக்குப் புடவை ஃபால்ஸ் தைக்கும் மெல்லிய நைலான் நூலே போதும். 0.1 மில்லிமீட்டர் நூலை 72 மடங்கு பெருக்கினால் 7 மில்லிமீட்டர் சொச்சம், கண்ணை உறுத்தவில்லை. இன்னொன்று, ஒட்டுவதற்குப் பிரிட்டன் விமானப்படைச் சின்னங்கள் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டனும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து 1940-இல் தொடங்கிய விமானப்படைக் கூட்டுப் பயிற்சித் திட்டத்தில் 33,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்றது இந்த மண்ணில், டைகர் மாத்களும் இங்கே பறந்தன, நம்மூர்ச் சின்னம் ஒன்று வைத்திருக்கலாம். அன்றைய தென்னாப்பிரிக்க விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுப்பொட்டு சிவப்பில்லை, ஆரஞ்சு. பல்குத்தும் குச்சி முனையால் ஆறு பொட்டுக்கும் ஆரஞ்சு வைத்தேன், ஐந்து உருப்படியாக வந்தது, ஆறாவது சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை. பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடாதீர்கள், நீங்கள்தான் உட்கார்ந்து கட்ட வேண்டியிருக்கும். அப்புறம், மேல் இறக்கையை ஒட்டுவதற்கு முன்னாலேயே பெயிண்ட், துளை இரண்டையும் முடித்துவிடுங்கள், பிறகு பிரஷ் உள்ளே நுழையாது.