54 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவது: மின்சைக்கிள் பேட்டரியில் விளக்கும் போனும்

புளியரையிலிருந்து செங்கோட்டைக்கு மின்சைக்கிளில் போய்வருகிறவனுக்கு, சாரல் காலத்தில் இரண்டு பொருள்கள் இல்லாமல் முடியாது. ஒன்று, கோட்டைவாசல் பக்கமிருந்து இறங்கிவரும் லாரிகளின் கண்ணில் நம்மைக் காட்டுகிற நல்ல விளக்கு. இன்னொன்று, பாதி வழியில் அணைந்துபோகாத போன். என் வண்டியின் பேட்டரி 48 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது சுமார் 480 வாட்-மணி. ஒரு போனை நிரப்ப 20 வாட்-மணி போதும். காலடியில் குளம் கிடக்க, குடத்துத் தண்ணீருக்கு ஏன் அலைய வேண்டும்?

முதலில் ஒரு விஷயம். 48 வோல்ட் என்பது கூப்பிடுகிற பெயர்தான். உள்ளே 13 செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட், ஆக 54.6. தீரும் நேரத்தில் 39 வரை இறங்கும். 36 வோல்ட் பேட்டரியும் அப்படித்தான்: 10 செல், நிறைந்தால் 42. இந்த உச்ச எண்ணை மறந்தவர்கள்தான் கருவிகளைக் கருக்குகிறார்கள்.

நான் முதலில் செய்தது பெரிய தவறு. பேட்டரியைத் திறந்து, எதிர்முனைப் பக்கம் இருந்த மூன்று செல்களிலிருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ட் விளக்குக்குக் கொடுத்தேன். காசு செலவில்லை, விளக்கு பளிச்சென்று எரிந்தது. அரை ஆம்பியர் விளக்கு தினமும் மூன்று மணி நேரம் எரிந்தால் அந்த மூன்று செல்கள் மட்டும் 1.5 ஆம்பியர்-மணி கூடுதலாக இழக்கும். இரவு சார்ஜ் போடும்போது மற்ற பத்தும் முதலில் நிறைந்துவிடுகின்றன. உடனே பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். பலகை சார்ஜை நிறுத்திவிடுகிறது. பத்துப் பேர் வயிறு நிறைந்ததும் இலையை எடுத்துவிட்டால் மற்ற மூன்று பேர் அரைவயிற்றோடுதான் எழுந்திருக்க வேண்டும். அந்தப் பலகை செல்களைச் சமன்செய்யும் என்று நம்பியிருந்தேன். சாதாரணப் பலகை 50 மில்லியாம்பியர் அளவில்தான் சமன்செய்யும். ஒரு நாள் குறையைத் தீர்க்கவே 30 மணி நேரம் பிடிக்கும். ஆறாம் நாள் எஸ் வளைவு ஏற்றத்தில், மழையில், மோட்டார் நின்றது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அளந்தால் பத்து செல்களில் 3.9 வோல்ட், மூன்றில் 2.8. இந்த வழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மிஞ்சும் வோல்ட்டைச் சூடாக்கிக் கழிக்கும் 7812 போன்ற மூன்று கால் ரெகுலேட்டரை யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு போதும். அது தாங்குவது 35 வோல்ட்தான். கூடுதலாகத் தாங்கும் ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், 54.6-ஐ 12 ஆக்கி அரை ஆம்பியர் எடுத்தால் விளக்குக்குப் போவது 6 வாட், சூடாக வீணாவது 21 வாட். விளக்கை விட அடுப்புதான் பெரிதாக இருக்கும்.

பவர் பேங்க்? குறை சொல்ல முடியாத வழி. 10,000 மில்லியாம்பியர்-மணி என்பது 37 வாட்-மணி. போனுக்கு ஒன்றரை நாள் வரும். வண்டிப் பேட்டரியைத் தொடவே வேண்டாம். அதையும் தனியாகச் சார்ஜ் போட வேண்டும், அவசரத்தில் வீட்டில் மறந்துவைப்போம். 12 வோல்ட் விளக்குக்கு அது அப்படியே உதவவும் செய்யாது.

ஆகவே பெரும்பாலோர் வந்து நிற்பது பக் கன்வெர்ட்டரில். வாய்க்கால் மடையை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடி, தேவையான அளவு மட்டும் விடுகிற உத்தி இது. எல்எம் 2596 என்ற புகழ்பெற்ற சில்லு இதை நொடிக்கு 1,50,000 தடவை செய்கிறது. நல்ல பலகை என்றால் 6 வாட் விளக்குக்கு 7 வாட் எடுக்கும், அவ்வளவுதான். விலையும் குறைவு. ஆனால் அந்தச் சில்லு தாங்குவது 40 வோல்ட். 36 வோல்ட் பேட்டரிக்குப் போதும் என்று வாங்குகிறவர்கள் 42-ஐ மறந்துவிடுகிறார்கள். எச்வி என்று முடியும் வகை 60 வரை தாங்கும். அதோடு விட்டுவிடாமல் உள்ளீட்டுப் பக்கம் மின்சாரத்தைத் தேக்கி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டரையும் படித்துப் பாருங்கள். 50 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் சில்லு எதுவானாலும் அந்தப் பலகை நமக்கு ஆகாது.

ஆரியங்காவில் இருக்கும் என் சித்தி மகன் இதில்தான் மாட்டிக்கொண்டான். வேறொருவர் போனிலிருந்து அழைத்தான். "அண்ணா, என் போன் புகைந்துவிட்டது." காலையில் சார்ஜரிலிருந்து எடுத்த நிறைந்த பேட்டரி, 50 வோல்ட் கெப்பாசிட்டர். பக் கன்வெர்ட்டரில் மடையாக இருக்கும் சுவிட்ச் கெடும்போது பெரும்பாலும் திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும். அந்த நொடி 54 வோல்ட்டும் நேராகப் போனுக்குப் போகிறது. என்னைக் கேட்டால் எது குறைவாக வீணாக்குகிறது என்று ஒப்பிடுவதை விட, கெட்டுப்போகும் அன்று கம்பியின் மறுமுனையில் என்ன வரும் என்று ஒப்பிட வேண்டும். விளக்கு போனால் ஒரு விளக்கு. போன் போனால் வங்கி, ரேஷன், பிள்ளையின் பள்ளிச் செய்தி எல்லாம் போகும்.

அதனால் விளக்குக்கு 80 வோல்ட் தாங்கும் பக் பலகை வைத்திருக்கிறேன், போனுக்கு வேறு. உள்ளே மின்மாற்றி வைத்து இருபக்கத்தையும் பிரித்த கன்வெர்ட்டர்களில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் வெளியே எதுவும் வராது. புதிதாக வாங்கினால் விலை கூடுதல். எனக்குக் கிடைத்தது சிசிடிவி மாட்டுகிறவரிடம். நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரம் வரும் கேமராக்களுக்கு அவர் வைக்கும் ஸ்பிளிட்டர், இப்படிக் கம்பி வழியே மின்சாரம் அனுப்புவதற்கு 2003-இல் வந்த பிஓஇ தரப்படி 37 முதல் 57 வோல்ட் வரை ஏற்று, 5 அல்லது 12 வோல்ட் கொடுக்கும். நம் 39 முதல் 54.6 அதற்குள் அச்சாகப் பொருந்துகிறது. "எத்தனை கேமரா, அண்ணாச்சி?" என்று கேட்டார். சைக்கிளுக்கு என்றதும் நம்பவில்லை. நெட்வொர்க் கம்பியின் நீல ஜோடியில் நேர்முனையும் பழுப்பு ஜோடியில் எதிர்முனையும் கொடுத்தேன். சுமார் 12 வாட் வரும், போனுக்குத் தாராளம். ஒரு எச்சரிக்கை: பாசிவ் என்று விற்கும் ஸ்பிளிட்டர் வோல்ட்டை இறக்காமல் அப்படியே விட்டுவிடும். ஐசொலேட்டட், அதாவது இருபக்கமும் பிரித்தது, என்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். போனைச் செருகுமுன் மல்டிமீட்டரில் 5 வோல்ட்டைப் பார்த்துவிட வேண்டும்.

எதை மாட்டினாலும், பி.எம்.எஸ். பலகையைத் தாண்டிய வெளிப்பக்கத்திலிருந்து எடுங்கள். நேராகச் செல்லிலிருந்து எடுத்தால் காவல் இல்லாமல் பேட்டரி வறண்டுபோகும். சும்மா இருக்கும்போதும் 10 மில்லியாம்பியர் உறிஞ்சும் கன்வெர்ட்டர் ஒரு மாதத்தில் 7 ஆம்பியர்-மணியை விழுங்கிவிடும், ஆகவே ஒரு சுவிட்ச் வேண்டும். காரில் போடும் பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட்டில் உருகினாலும் நெருப்புப் பொறி நிற்காமல் எரியக்கூடும். 60 வோல்ட் நேர்மின்னுக்கு எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

14 செல் வைத்த 52 வோல்ட் பேட்டரிக்காரர்கள் மட்டும் ஸ்பிளிட்டர் பக்கம் போக வேண்டாம். நிறைந்தால் அது 58.8. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கென்று 36 முதல் 75 வோல்ட் ஏற்கும் பிரித்த கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன. அவர்களுக்கு அதுதான் சரி.