டைல்ஸ் ஒட்டும் முன் மரை இணைப்புகளைப் பார்த்துவிடுங்கள்

குளியலறையைப் புதுப்பித்தபோது ஒரு பிளம்பரிடம் ஏமாந்துவிட்டேன். வீட்டில் குழாய் வேலை நடந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

டைல்ஸ் ஒட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பின்பக்க அறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் கொப்பளித்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "புதுச் சுவர், காய்ந்துவிடும்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வேறொருவரை வைத்து நான்கு டைல்களை உடைத்துப் பார்த்தோம்.

குழாயைத் திருப்பிவிடும் வளைவுத் துண்டான எல்போவின் வாயைச் சுற்றி எபாக்ஸி பசை அப்பியிருந்தது. அதாவது, ஒழுகுகிறது என்று தெரிந்தே மேலே பூசி மறைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருக்கிறார். பசையைச் சுரண்டியதும் எல்போவின் நீளவாக்கில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியாக ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் முத்துக் கோத்து நின்றது. பில்லில் இருந்தது உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ. சுவருக்குள் இருந்ததோ முழுக்க பிளாஸ்டிக். உலோக நிப்பிளை (மரை போட்ட குட்டிக் குழாய்த் துண்டு) பிளாஸ்டிக் உள்மரைக்குள் ஏற்றினால் அது ஆப்பு மாதிரி உள்ளிருந்து விரிக்கும். ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் வழுக்குவதால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்கும் தெரியாது.

நிப்பிளைக் கழற்றியபோது டேப் ஒரு ஓரமாகச் சுருண்டு நூல்கண்டு போல ஒதுங்கியிருந்தது. எதிர்த் திசையில் சுற்றியதுதான் காரணம். மரையின் முனை நம் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். முனையில் முதல் மரையை விட்டுவிட வேண்டும். அரை அங்குல மரைக்கு மெல்லிய டேப் என்றால் நான்கைந்து சுற்று, இழுத்துப் பிடித்து. சுற்றிய பிறகும் மரையின் வரிகள் மேலே தெரிய வேண்டும். (ரப்பர் வாஷர் வைத்த கனெக்‌ஷன் பைப்புக்கு டேப்பே வேண்டாம், அங்கே அடைப்பது வாஷர்தான்.)

இன்னொரு தவறு என் கண்ணெதிரேயே நடந்தது. இறுக்கி முடித்ததும் தண்ணீர் டாப் (குழாய்) கோணலாக நின்றது. அந்த முதல் பிளம்பர் கால் சுற்று பின்னால் திருப்பி நேராக்கினார். அது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருமுறை நசுங்கிய டேப் திரும்ப உப்பாது, பின்னால் திருப்பினால் அங்கே வழி விட்டுவிடும். நேராக்க வேண்டுமென்றால் முன்னால்தான் திருப்ப வேண்டும். முடியாவிட்டால் கழற்றி, பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புதிதாகச் சுற்ற வேண்டும்.

ஷவரை ஆன்லைனில் வாங்குபவர்கள் மரை பிஎஸ்பியா, என்பிடியா (இரண்டும் வெவ்வேறு மரை அளவுமுறைகள்) என்று கேட்டுவிடுங்கள். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், சரியாக அடைக்காது.

இரண்டாவது முறை பித்தளை மரை எல்போவை நானே கையில் வாங்கிப் பார்த்துக் கொடுத்தேன். எல்லா வாய்களுக்கும் பிளக் போட்டு, லைனில் காற்றை வெளியேற்றி, முழு அழுத்தத்தில் ஒரு இரவு விட்டோம். காலையில் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தேன். ஷவருக்குப் போகும் நிப்பிளில் ஓரம் நனைந்தது. அதைக் கழற்றி மறுபடி சுற்றி, இன்னொரு இரவு விட்டு, காய்ந்த டிஷ்யூவைப் பார்த்த பிறகுதான் டைல்ஸ்காரரை வரச் சொன்னேன்.